75 சதவீத வருகை: இன்னும் எத்தனை வகுப்புக்குப் போனால் தப்பிக்கலாம்?

கடைசிபெஞ்ச் | செவ்வாய், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒரு பாடத்தில் மட்டும் வருகைப் பதிவு படுத்துவிட்டது. டைபாய்டு வந்து இரண்டு வாரம் ஊரில் கிடந்தேன். மீதி லீவு நானாகப் போட்டது, மறைக்கவில்லை.

இதுவரை நடந்தது 52 வகுப்பு. நான் போனது 34. அதாவது 65.4 சதவீதம். வருகை 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஹால் டிக்கெட்.

என் கணக்கு: ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது, 52-இல் 10 சதவீதம் 5.2, ஆகவே 6 வகுப்பு போனால் போதும். ரூம்மேட் கணக்கு: 52-இல் 75 சதவீதம் 39, கையில் 34, ஆகவே 5 போதும். பக்கத்து அறைக்காரன் 20 என்கிறான். எப்படி என்று கேட்டால் "ஃபார்முலா" என்கிறான்.

இன்னொரு தலைவலி. செமஸ்டர் முடிய ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு என்று 24 வகுப்பு பாக்கி. நடுவில் அக்கா கல்யாணம். புதன் மாலை வரவேற்பு, வியாழன் காலை முகூர்த்தம், சனிக்கிழமை கிளம்பினால் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்தப் பாடம் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. ஆக, இரண்டு வகுப்பு போகும். போடலாமா?

ரயில்வே_தயார் | செவ்வாய், இரவு 10:58

20 தான் சரி. ஷார்ட்கட் இதோ: நடந்ததை மூன்றால் பெருக்கு, போனதை நான்கால் பெருக்கு, கழி. 156 − 136 = 20. போட்டித் தேர்வில் பத்து நொடி. எங்கிருந்து வந்தது என்றெல்லாம் ஆராயாதே, நேரம் வீண்.

பழைய_வாத்தியார் | செவ்வாய், இரவு 11:31

தம்பி, நீங்களும் அறைத் தோழரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறீர்கள். 52-ஐ ஆணி அடித்து நிறுத்திவிட்டீர்கள். நாளை வகுப்புக்குப் போனால் போனது 35 ஆகும், சரி. நடந்தது 53 ஆகுமே? மேலே ஒன்று ஏறினால் கீழேயும் ஒன்று ஏறும். 6 வகுப்பு போய்ப் பாருங்கள்: 40/58. வகுத்தால் 69-ஐக்கூடத் தொடாது.

இனிமேல் விடாமல் போகும் வகுப்புகளை ந என்று வைத்துக்கொள்வோம்.

(34 + ந) / (52 + ந) ≥ 3/4

52 + ந எப்போதும் மிகை எண். அதனால் பயமில்லாமல் குறுக்கே பெருக்கலாம்.

4(34 + ந) ≥ 3(52 + ந)
136 + 4ந ≥ 156 + 3ந
ந ≥ 20

சரிபார்ப்பு: 54/72. சரியாக முக்கால். "குறையாமல்" என்று விதி சொல்வதால் சரியாக 75 இருந்தாலும் செல்லும். "75-க்கு மேல்" என்று இருந்திருந்தால் 20 போதாது, 21 வேண்டும்.

சதவீதம் என்ற சொல்லைக் கண்டதும் "எதில்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். முப்பது வருடமாக இதைச் சொல்லித்தான் என் தொண்டை போனது. "10 சதவீதம் குறைகிறது" என்று எழுதினீர்கள் அல்லவா, அது 52-இல் 10 சதவீதம் இல்லை. 65.4-க்கும் 75-க்கும் உள்ள இடைவெளி. அதைச் சதவீதப் புள்ளி என்பார்கள். அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய் 52-உடன் பெருக்கினால், வீட்டு வாடகையைச் சதுர அடியோடு கூட்டிய மாதிரி.

ரயில்வே தம்பிக்கு: ஷார்ட்கட் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? மேலே இருக்கும் இரண்டாவது வரிதான் அது.

கல்யாண விஷயத்தை நாளை பார்ப்போம். கண் அசத்துகிறது.

வடலி | புதன், காலை 6:15

யாழ்ப்பாணத்தில் இருந்து. இந்த ≥ குறி வரும் கணக்கை நாங்கள் சமனிலி என்றுதான் படித்தோம். அசமன்பாடு என்று தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதல்தரம் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

எங்கள் பீடத்தில் 80 சதவீத விரிவுரைக்கு வந்திருக்க வேண்டும். கடைசிபெஞ்ச் தம்பி எங்களிடம் படித்திருந்தால் என்ன நிலைமை என்று ஐயாவின் முறையிலேயே செய்து பார்த்தேன்.

(34 + ந) / (52 + ந) ≥ 4/5
170 + 5ந ≥ 208 + 4ந
ந ≥ 38

75-இல் இருந்து 80-க்கு ஐந்தே புள்ளி. ஆனால் 20 என்பது 38 ஆகிவிட்டது! பாக்கி 24 தானே, அப்ப தம்பியின் கதை முடிந்தது. ரயில்வே தம்பி, உங்கள் மூன்றும் நான்கும் இங்கே உதவாது. அடுத்த கல்லூரிக்கு வேறு ஷார்ட்கட், அதற்கடுத்ததற்கு இன்னொன்று என்று எத்தனையைப் பாடமாக்குவீர்கள்?

ரயில்வே_தயார் | புதன், காலை 8:02

80-க்கு நான்கும் ஐந்தும். 90-க்கு ஒன்பதும் பத்தும். ஒரு வரியில் பாடமாகிவிடும். நூறு கேள்விக்குத் தொண்ணூறு நிமிடம் கொடுக்கிறார்கள், அதில் நான் ந வைத்து, குறுக்கே பெருக்கி... விடுங்கள்.

மளிகைக்கணக்கு | புதன், மதியம் 2:20

கடையில் இப்போது கூட்டமில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு கல்லாவில் உட்கார்ந்தவன். இந்த ந எல்லாம் எனக்கு வராது. ஆனால் தம்பி கேட்டது இவ்வளவு பெரிய கணக்கா என்று புரியவில்லை.

முக்கால் பங்கு வரவேண்டும் என்றால் கால் பங்கு லீவு போடலாம். நடந்தது 52, நடக்கப் போவது 24, மொத்தம் 76. அதில் கால் 19. தம்பி ஏற்கனவே போட்ட லீவு 52-இல் 34 போக 18. மீதி 1.

ஒரே ஒரு லீவு தம்பி. வியாழன் கல்யாணத்தைப் பார், இரவு பஸ்ஸைப் பிடி, வெள்ளி வகுப்பில் உட்கார். அக்கா கோபிக்க மாட்டாள்.

பக்கத்து அறைக்காரர் சொன்ன 20-ம் இதில் வருகிறது. ஒரு லீவுக்கு மூன்று வருகை ஈடு. 18 லீவுக்கு 54 வருகை வேண்டும். கையில் 34. இன்னும் 20. பேப்பர் வேண்டாம்.

பழைய_வாத்தியார் | புதன், மாலை 5:47

பலே! நான் கரும்பலகையை நிரப்பிச் சொன்னதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி முடித்துவிட்டீர்கள். இது ஏன் இவ்வளவு சுலபமாக வந்தது என்று மட்டும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

என் அசமன்பாட்டில் மேலும் கீழும் இரண்டுமே நகர்ந்தன. உங்கள் முறையில், செமஸ்டர் முழுமைக்கும் 76 என்று அடி எண்ணை நிலையாகப் பிடித்துவிட்டீர்கள். பிறகு வந்த நாளை விட்டுவிட்டு வராத நாளை எண்ணினீர்கள். வராத நாட்களை ல என்று எழுதினால்

ல ≤ 76/4 = 19

என்று ஒரே வரி. எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பின்னம் வந்தால் என்ன செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். வருகையை எண்ணினால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், லீவை எண்ணினால் கீழ்நோக்கி. மொத்தம் 75 வகுப்பு என்று வையுங்கள். கால் பங்கு 18.75. 19 லீவு போடலாம் என்று தோன்றும். போட்டால் 56/75, அது 74.67. போச்சு. 18 தான் அனுமதி. பள்ளியில் பழக்கிய "அரைக்கு மேல் போனால் அடுத்த எண்" என்ற விதியை இந்த மாதிரிக் கணக்கில் கொண்டுவரவே கூடாது.

ரயில்வே தம்பி, உங்கள் 20-இல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 20 வகுப்பு தொடர்ந்து போனால் அந்த நாளில் 75-ஐத் தொடுவார். "அப்பாடா" என்று மீதி நான்கையும் விட்டால்? 54/76. 71 சதவீதம். செமஸ்டர் முடிவில் கேட்பதற்கு விடை 24-இல் 23. ஷார்ட்கட் தப்பில்லை. ஆனால் அது வேறு கேள்விக்கு விடை.

ரயில்வே_தயார் | புதன், மாலை 6:10

இதை ஒப்புக்கொள்கிறேன். நானே கல்லூரியில் படித்தபோது 75 தொட்டதும் நிறுத்தி அபராதம் கட்டியவன். ஏன் என்று இன்று வரை தெரியாமல் இருந்தேன்.

கடைசிபெஞ்ச் | புதன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக மளிகை அண்ணனுக்கு. வியாழன் இரவு பஸ் டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மா இன்னும் பேசவில்லை.

இதே சூட்டில் இன்னொரு கணக்கு. எங்கள் கல்லூரியில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 100-க்கு எழுதி 60-ஆகக் குறைப்பார்கள். இரண்டும் சேர்ந்து 50 வரவேண்டும். கூடவே தேர்வில் மட்டும் 100-க்கு 45-ஆவது எடுத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பாடத்தில் இன்டர்னல் 18, இன்னொன்றில் 28. எவ்வளவு எடுத்தால் பாஸ்? இன்டர்னல் எவ்வளவு இருந்தால் 45 மட்டும் போதும்? இந்த இரண்டாவது கேள்விக்கு "23-க்குக் கீழே இருந்தால் போதும்" என்று விடை வருகிறது. இன்டர்னல் குறைவாக இருந்தால் நல்லதா? எங்கேயோ தலைகீழாகிவிட்டது.

வடலி | புதன், இரவு 10:05

தேர்வு மதிப்பெண்ணைத் த என்று வைத்தால், 18-க்கு

18 + 0.6த ≥ 50
0.6த ≥ 32
த ≥ 53.33

அரை மதிப்பெண் கிடையாது என்றால் 54. இன்டர்னல் 28 உள்ள பாடத்துக்கு 0.6த ≥ 22, அதாவது 36.67. 37 எடுத்தால் கூட்டல் சரியாகிவிடும், ஆனால் 45 என்ற மற்ற நிபந்தனை குறுக்கே நிற்கிறது. இரண்டு நிபந்தனை என்றால் இரண்டிலும் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே 45.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் விழுந்த குழியில் விழாதவர் இல்லை. இன்டர்னலை இ என்று வைத்தால்

(50 − இ) / 0.6 ≤ 45
50 − இ ≤ 27
−இ ≤ −23

இங்கே இருபுறமும் குறியை மாற்றியிருப்பீர்கள், நடுவில் இருக்கும் ≤ குறியின் வாயைத் திருப்பியிருக்க மாட்டீர்கள். குறை எண்ணால் பெருக்கினால் வாய் திரும்பும். இ ≥ 23.

ஏன் என்று கேட்டால்: 2, 5-ஐ விடச் சிறியது. −2, −5-ஐ விடப் பெரியது. கடனைப் போல நினையுங்கள். ஐந்து ரூபாய் கடன்காரனை விட இரண்டு ரூபாய் கடன்காரன் வசதியானவன்.

எனக்கு இந்தத் திருப்பலே பிடிக்காது. −இ வந்ததும் அதை மறுபக்கம் கொண்டுபோய்விடுவேன்: 50 − 27 ≤ இ. வாயைத் தொடவே தேவையில்லை.

பழைய_வாத்தியார் | புதன், இரவு 10:40

வடலி சொன்ன கடைசி வரியை மாணவர்கள் எழுதி ஒட்டிவைக்கலாம். நானும் அப்படித்தான் செய்வேன்.

அப்புறம், தம்பி செய்த ஒரு நல்ல காரியத்தை யாரும் கவனிக்கவில்லை. "இன்டர்னல் குறைவாக இருந்தால் நல்லதா?" என்று விடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

கொசுறு: இந்த < > குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயருடையவை. அவர் 1621-இல் இறந்து, பத்து வருடம் கழித்து 1631-இல்தான் அச்சேறின. கீழே கோடு சேர்ந்த குறிக்கு இன்னும் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, 1734-இல் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் வரும் வரை. "குறையாமல்", "மிகாமல்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குக் குறி கிடைக்க அவ்வளவு காலம்.

அந்தச் சொற்களில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். "500-க்கு மிகாமல்" என்றால் 500 சேர்த்தி. "500 வரை" என்றாலும் சேர்த்தி. "500-க்கு மேற்பட்ட" என்றால் 500 கிடையாது. "500-க்குள்" என்பதுதான் ஆபத்து. கடையில் "ஐந்நூறுக்குள் ஒரு சட்டை காட்டுங்கள்" என்றால் 500 ரூபாய்ச் சட்டையையும் எடுத்துப் போடுவார்கள், யாரும் சண்டைக்குப் போவதில்லை. கேள்வித்தாளில் அதே சொல் வந்தால் சண்டை வரும். நான் வினாத்தாள் எடுத்த வருடங்களில் அந்தச் சொல்லைத் தொட்டதே இல்லை.

வரிக்கணக்கு_அக்கா | வியாழன், காலை 11:20

வருமான வரிக் கணக்கு போட்டுக்கொடுப்பது என் தொழில். இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன "எதில் சதவீதம்?" என்ற கேள்வியை வருடத்துக்கு நூறு பேரிடம் நான் கேட்கிறேன்.

2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. 4 லட்சம் வரை வரி இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15. வரிக்குட்பட்ட வருமானம் சரியாக 12 லட்சம் என்றால் வரி 20,000 + 40,000 = 60,000. ஆனால் அந்த 60,000-ஐயும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். கட்டுவது பூஜ்யம். சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 இருப்பதால் 12.75 லட்சம் வரை பூஜ்யம்.

போன வாரம் ஒருவர் வந்தார். சம்பளம் 13,10,000 ஆகிறது, இந்த உயர்வு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடட்டுமா என்றார். 12.75-ஐத் தாண்டி ஒரு ரூபாய் வந்தாலும் 60,000 கட்ட வேண்டும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் பயமுறுத்தியிருக்கிறார்கள். அது தப்பு. விளிம்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ அதைவிட வரி அதிகமாகாது.

கூடுதல் தொகையை க என்று வைக்கிறேன். பட்டியல்படி வரி 60,000 + 0.15க. நிவாரணம் எதுவரை கிடைக்கும்?

க < 60,000 + 0.15க
0.85க < 60,000
க < 70,588

அதாவது 12,70,588 வரை, கூடிய தொகை முழுவதும் வரியாகப் போய்விடும், அதற்கு மேல் போகாது. கதை இங்கே முடிந்திருந்தால் கைக்கு வருவது 12 லட்சத்திலேயே நிற்கும். ஆனால் வரியின் மேல் 4 சதவீத செஸ் இருக்கிறதே! வரி க என்றால் கட்டுவது 1.04க. நிவாரணம் இருக்கும் பகுதியில் ஒவ்வொரு கூடுதல் ரூபாய்க்கும் நான்கு பைசா கையிலிருந்து போகும். அவருக்கு க = 35,000. கட்டுவது 36,400. உயர்வு வந்த பிறகு கைக்கு வருவது 12.75 லட்சம் வாங்குபவரை விட 1,400 ரூபாய் குறைவு.

சரி, எவ்வளவு உயர்ந்தால் பழைய நிலைக்காவது வரலாம்? நிவாரணம் இருக்கும் பகுதியில் க − 1.04க என்பது எப்போதும் குறை எண், அங்கே தேடிப் பயனில்லை. அதைத் தாண்டிய பகுதியில்

க − 1.04(60,000 + 0.15க) ≥ 0
0.844க ≥ 62,400
க ≥ 73,934 (ஏறத்தாழ)

ஆக 12 லட்சத்துக்கும் சுமார் 12.74 லட்சத்துக்கும் நடுவில் யார் இருந்தாலும், 12 லட்சக்காரரை விடக் கைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆகப் பெரிய இழப்பு 2,824 ரூபாய் அளவில். அதற்காக யாராவது சம்பள உயர்வை வேண்டாம் என்பார்களா? அடுத்த வருட உயர்வு இதன் மேல்தானே கணக்காகும். அவரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் தவறுவது எங்கே என்றால், ஒரே அசமன்பாட்டை எடுத்துக்கொண்டு முழு எல்லைக்கும் ஓட்டிவிடுவார்கள். இங்கே இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் விடை வந்ததும், அது அந்தத் துண்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 73,934 என்பது 70,588-ஐத் தாண்டி இருக்கிறது, அதனால் செல்லும்.

கடைசிபெஞ்ச் | வியாழன், மதியம் 1:05

அக்கா, 12 லட்சத்தைப் பற்றி நான் கவலைப்படும் நாள் வரட்டும். இப்போதைக்கு ஒரே ஒரு லீவைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

பில்போடுபவன் | வியாழன், இரவு 11:50

ரெடிமேட் துணிக்கடையில் பில் கவுண்டர். கடை சாத்தியாச்சு. அக்கா சொன்ன மாதிரியான படிக்கட்டு எங்களிடமும் ஒன்று இருக்கிறது, தினமும் தடுக்கி விழுகிறோம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி: ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. தள்ளுபடி போக மீதி விலையைத்தான் பார்க்க வேண்டும்.

சுடிதார் செட் ஒன்று, வரிக்கு முன் 3,000. முதலாளி "16 சதவீதம் தள்ளுபடி போடு" என்றார். விலை 2,520. வரி 18. வாடிக்கையாளர் கொடுப்பது 2,973 ரூபாய் 60 காசு. அந்தம்மா "பக்கத்துக் கடையில் 2,600-தான்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ராத்திரி உட்கார்ந்து, தள்ளுபடிச் சதவீதத்தைத் த என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

3,000 − 30த ≤ 2,500
500 ≤ 30த
த ≥ 16.67

17 போட்டிருந்தால் விலை 2,490, வரி 5, மொத்தம் 2,614 ரூபாய் 50 காசு. முதலாளிக்கு 30 ரூபாய்தான் நஷ்டம், அந்தம்மாவுக்கு 359 ரூபாய் மிச்சம். ஒரு சதவீதத்தில் ஒரு வியாபாரம் போனது. மறுநாள் முதலாளியிடம் இந்த மூன்று வரியைக் காட்டினேன். இப்போது 2,500-ஐ ஒட்டி இருக்கும் எல்லா உருப்படிக்கும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தள்ளுபடிச் சீட்டு ஒட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு புதிர். வரி உட்பட விலை என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எந்த விலையை ஒட்டவே முடியாது?

மளிகைக்கணக்கு | வெள்ளி, காலை 7:10

ஒட்டவே முடியாத விலையா? 2,500-க்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,625. 5 சதவீதத்தில் அதுதான் உச்சம். 2,500-க்கு 18 சேர்த்தால் 2,950. அதைத் தாண்டினால்தான் 18-க்குள் வரும். நடுவில் 2,700 என்று ஒட்டினால் எந்த வரியைப் போட்டாலும் பொருந்தாது. 5 என்று பிரித்தால் விலை 2,571 வருகிறது, அது 2,500-ஐத் தாண்டிவிட்டது. 18 என்று பிரித்தால் 2,288 வருகிறது, அதற்கு 18 வாங்கக் கூடாது.

2,625-க்கு மேல் 2,950 வரை ஒரு விலையும் கிடையாது. சரியா?

பில்போடுபவன் | வெள்ளி, காலை 9:40

சரிதான் அண்ணே. இதை எனக்குக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

பழைய_வாத்தியார் | வெள்ளி, காலை 10:15

மளிகைக்காரரே, "இந்த ந எல்லாம் எனக்கு வராது" என்று எழுதினீர்கள். நீங்கள் இப்போது செய்திருப்பது இரண்டு அசமன்பாடுகளைப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் விடையே இல்லாத இடைவெளியைக் காட்டியது. பதினோராம் வகுப்பில் இதற்கு ஐந்து மதிப்பெண் கொடுப்போம்.

கடைசிபெஞ்ச் | பத்து நாள் கழித்து, திங்கள், மாலை 4:30

அவசரம். சென்னையில் விடாத மழை, இன்று கலெக்டர் லீவு விட்டுவிட்டார். இந்தப் பாடத்தில் ஒரு வகுப்பு நடக்கவில்லை. விடுதியில் எல்லோரும் குதிக்கிறார்கள். நான் மட்டும் மளிகை அண்ணன் கணக்கை மறுபடி போட்டேன். மொத்தம் 76 இல்லை, 75. கால் பங்கு 18.75. அனுமதி 18. ஏற்கனவே 18 போட்டாச்சு.

லீவு விட்டதால் என் லீவு போய்விட்டது! இந்த வாரம் வியாழக்கிழமை முகூர்த்தம்.

மளிகைக்கணக்கு | அதே நாள், மாலை 4:52

மழை லீவுக்கு ஈடாக வேறு நாளில் வகுப்பு வைப்பார்களா என்று முதலில் கேள் தம்பி. அடி எண் தெரியாமல் கால் பங்கு எடுக்காதே.

கடைசிபெஞ்ச் | அதே நாள், இரவு 8:15

துறைத் தலைவரிடமே போய்க் கேட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஈடு வகுப்பு. மறுபடி 76. மறுபடி 19. சனிக்கிழமை வகுப்பு வைத்ததற்கு அவருக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், ஒரு மாதிரிப் பார்த்தார்.

கடைசிபெஞ்ச் | ஒரு மாதம் கழித்து, வெள்ளி, மதியம் 12:10

கல்யாணம் நன்றாக நடந்தது. வியாழன் இரவு பஸ்ஸில் தூக்கமே இல்லை, வெள்ளி முதல் பீரியடில் நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டதும் பக்கத்தில் இருந்தவன்தான் முழங்கையால் இடித்து எழுப்பினான்.

இன்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கு நேராக 57/76, 75.00.

ரயில்வே_தயார் | அதே நாள், மதியம் 12:31

மூன்று 76 கழித்தல் நான்கு 57. பூஜ்யம். ஷார்ட்கட்டும் பாஸ்.